குடியிருப்புத் தயார்நிலைச் சான்றிதழ்

வார்ட்லி நகரத்தில் வீடு தேடி அலையும் மாணவர்களுக்கு உதவுவதற்கென்றே பல்கலைக்கழகம் ஒரு மையம் வைத்திருந்தது. மையம் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் மூலம் ஒருவருக்காவது வீடு கிடைத்ததாகத் தகவல் இல்லை. இதற்காக மையத்தைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. வாசலிலேயே கண்ணாடிச் சட்டம் போட்டுத் தெளிவாக எழுதி மாட்டியிருந்தார்கள்: 'நாங்கள் வீடு பிடித்துத் தருவதில்லை. வீட்டுக்கு உங்களைத் தயார் செய்கிறோம்.'

லினியா ஹாட்டன் அந்தச் சட்டத்தை முதன்முதலாகப் படித்தது ஓர் அக்டோபர் மாதத்தில். விஸ்கான்சின் மாநிலத்தில் இலைகள் பழுத்துக் கொட்டத் தொடங்கியிருந்தன. அவள் கல்லூரிக்கு வந்து ஆறே வாரம். விடுதியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம்; இரண்டாம் ஆண்டில் வெளியே வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். வார்ட்லியில் அதற்கொரு வழக்கம் உண்டு. அடுத்த ஆகஸ்டில் குடிபோகும் வீட்டுக்கு இந்த அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். தவறவிட்டவர்கள் ஆற்றோரத்தில் காரை நிறுத்தி அதற்குள் குடித்தனம் நடத்திக்கொண்டே பட்டம் வாங்கிய வரலாறு உண்டு. அறைத்தோழியின் பெயரைக்கூட இன்னும் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஒரு பிள்ளை, அவளோடு அடுத்த ஆண்டு முழுக்க ஒரே குளியலறையைப் பங்கு போட்டுக்கொள்ளச் சம்மதமா என்று முடிவெடுத்தாக வேண்டும். ஏன் இப்படி என்று ஊரில் யாரைக் கேட்டாலும், போன வருடமும் இப்படித்தான் என்பார்கள்.

லினியாவுக்கு இது வெறும் வீட்டுப் பிரச்சினை அல்ல. அவள் படித்தது செவிலியர் படிப்பு. இரண்டாம் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகிறவர்கள் ஊருக்குள் குடியிருக்க வேண்டும். அந்த முகவரியில் மையத்தின் முத்திரை வாங்கி, ஆகஸ்ட் பதினைந்து மாலை ஐந்து மணிக்குள் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். ஐந்து மணி ஒரு நிமிடத்துக்குப் பயிற்சி இடம் வேறொருவருக்குப் போய்விடும். அதன் பிறகு மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் டெல்வினுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே கோழி பதப்படுத்தும் ஆலையில் அவளுடைய அம்மா பதினேழு வருடமாக ஒரே இடத்தில் நின்று ஒரே வெட்டை வெட்டிக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள். மணிக்கட்டு அப்படி வீங்கியிருக்கும். லினியா எப்போது வேலைக்கு வருவாள் என்று ஆலை மேற்பார்வையாளர் விசாரித்தும் வைத்திருந்தார்.

மையம் ஆர்ச்சர்ட் தெருவில், 219ஆம் எண் வீட்டில் இருந்தது. மாணவர்கள் குடியிருந்த பழைய மரவீடு. மாணவர்களைக் காலி செய்துவிட்டு, மாணவர்களுக்கு வீடு கிடைக்க உதவும் மையத்தை அங்கே வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் சுவரில் சிவப்பாக ஒரு டோக்கன் இயந்திரம். லினியாவுக்கு நாற்பத்தேழு வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து முகப்பு மேசையில் இருந்த பெவ் அம்மாள் கூப்பிட்டாள்.

"சொல்லு கண்ணு."

"வீடு வேணும். நாங்க மூணு பேர்."

"வேணாம்னு யாரு இங்க வர்றா? சான்றிதழ் இருக்கா?"

"என்ன சான்றிதழ்?"

"குடியிருப்புத் தயார்நிலைச் சான்றிதழ். அது இருந்தாத்தான் வீட்டுக்காரங்க பட்டியலைக் கண்ணுல காட்டுவோம். மூணு பயிலரங்குக்கு வரணும், அப்புறம் இந்தப் படிவத்தை நிரப்பணும்."

படிவத்தில் முப்பத்தொரு கேள்விகள். முதல் கேள்வி: 'நீங்கள் குடியேறப்போகும் வீட்டின் முகவரி.'

லினியா அதை இரண்டு தடவை படித்தாள். "மேடம், வீடு இல்லாமத்தானே இங்க வந்திருக்கேன். முகவரின்னு கேட்டிருக்கே, இதுல நான் என்ன எழுதறது?"

"நல்ல கேள்வி," என்றாள் பெவ், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "கடைசிப் பக்கத்துல 'கருத்துகள்'னு ஒரு கட்டம் இருக்கு பாரு. அதுல எழுதிடு."

முதல் பயிலரங்கை மையத்தின் இயக்குநர் டாக்டர் கார்வின் ஹோல்ஸ்டாட்டே நடத்தினார். உயரமானவர், பேசும்போது இரண்டு கைகளையும் கூரை மாதிரி கூப்பிப் பிடித்துக்கொள்வார். மேலே திரையில் ஒரு பறவைக்கூட்டின் படம் தெரிந்தது.

"வீடுன்னா என்ன?" என்று ஆரம்பித்தார். "சுவரா? இல்ல. கூரையா? அதுவும் இல்ல. வீடுங்கறது ஒரு மனநிலை. நான் ஆத்தங்கரையில ஆறு அறை வீட்டுல இருக்கேன். தனியாத்தான் இருக்கேன். ஆனாலும் ஒவ்வொரு நாளும் காலையில எழுந்து, நான் உண்மையிலேயே வீட்டுலதான் இருக்கேனான்னு என்னையே கேட்டுக்கறேன். பாருங்க, உங்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல."

லினியாவோடு சேர்ந்து வீடு தேடிய இரண்டு பேரில் ஒருத்தி டாமிகா. மில்வாக்கி நகரத்துக்காரி, நினைத்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. அவள் கையைத் தூக்கினாள்.

"சார், வித்தியாசம் இல்லேன்னா நாங்க உங்க வீட்டுக்கே வந்துடட்டுமா? அஞ்சு அறை சும்மாதானே கெடக்கு?"

டாக்டர் ஹோல்ஸ்டாட் மிகவும் மகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா! கேக்கற துணிச்சல் வந்துடுச்சு! இதைத்தான் தயார்நிலைன்னு சொல்றோம்!" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

இரண்டாவது பயிலரங்கில் பாத்திரம் கழுவும் தகராறுகளை எப்படிப் பேசித் தீர்ப்பது என்று காலுறைப் பொம்மைகளைக் கையில் மாட்டிக்கொண்டு இரண்டு அதிகாரிகள் நடித்துக் காட்டினார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு முனைவர் பட்டம் இருந்தது. அந்தப் பொம்மைகளுக்குப் பெயரும் சம்பளத் தரவரிசையும் இருந்ததாக டாமிகா சத்தியம் செய்தாள். அதை லினியா நம்பவில்லை; ஆனால் நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. பொம்மை நாடகம் முடிந்ததும் நகராட்சிச் சட்டம் பற்றிப் பத்து நிமிடம். உறவில்லாதவர்கள் மூன்று பேருக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. நான்காவதாக ஒரு பூனைகூடச் சந்தேகத்துக்கு உரியதுதான். இதை எல்லோரும் எழுந்து நின்று மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாவது பயிலரங்கின் தலைப்பு 'காலக்கெடுவை மதிப்போம்.' அதை அக்டோபர் முப்பத்தொன்று மாலை மூன்றரை மணியிலிருந்து ஐந்து மணி வரை வைத்திருந்தார்கள். அதாவது ஊரில் கையெழுத்துப் போட வேண்டிய கடைசி நாளின் கடைசி ஒன்றரை மணி நேரம்.

அன்று லினியா மூன்று மணிக்கே வந்து முன்கூடத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் பதினாறு வீட்டு நிறுவனங்களுக்கு நடந்திருந்தாள். எங்கேயும் தரப்போகும் வீட்டைக் காட்டவில்லை. அதில் ஆள் குடியிருக்கிறார்களாம். அதற்குப் பதிலாக 'மாதிரி வீடு' ஒன்றைக் காட்டினார்கள். மேசையில் மெழுகு எலுமிச்சம்பழங்கள், திறக்காத ஜன்னல்கள். "இது உங்க வீடு இல்லைங்க, உங்க வீட்டோட உணர்வு," என்றாள் ஒரு பெண். உணர்வுக்குக்கூட இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

அப்போது கையில் கருவிப்பெட்டியோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். சட்டைப்பையில் 'ஆர்லோ, குழாய் வேலை' என்று தைத்திருந்தது. நேராக பெவ்விடம் போனார்.

"இந்தக் கடிதத்தை உள்ள குடுத்துடுங்க அம்மணி. நாலாவது தடவை வரேன்."

"டோக்கன் எடுங்க."

"கடிதம் குடுக்கறதுக்கா?"

"வீட்டுக்காரங்க கடிதம் குடுக்கணும்னா வீட்டுக்காரர் தயார்நிலைச் சான்றிதழ் வேணும், ஆர்லோ. நானா விதி எழுதறேன்? இல்லேன்னா டோக்கன் எடுங்க, டாக்டரையே பாருங்க."

ஆர்லோ டோக்கன் எடுத்துக்கொண்டு லினியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு வந்த எண் அறுபத்துநான்கு. சுவரில் இருந்த எண் பலகையில் ஓடிக்கொண்டிருந்தது ஐம்பத்தெட்டு. டாக்டர் ஹோல்ஸ்டாட் பயிலரங்கு அறைக்குப் போகிற வழியில் அவரைப் பார்த்து, "ஆர்லோ! என் கதவு உங்களுக்கு எப்பவும் திறந்தே இருக்கும்!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லினியாவும் எழுந்து உள்ளே போகத்தான் பார்த்தாள். ஆனால் கால் நகரவில்லை. பதினாறு இடம் நடந்த கால். மடியில் இருந்த வெற்றுப் படிவத்தைப் பார்த்ததும் கண்ணில் நீர் முட்டியது. அது வருத்தத்தால் வந்த நீர் அல்ல, ஆத்திரத்தால் வந்தது.

"நீ எதுக்கு வந்திருக்கே, பாப்பா?" என்று கேட்டார் ஆர்லோ.

"வீடு தேடி."

"எத்தனை பேரு?"

"மூணு பேர். நான், டாமிகா, பாகோ."

"சத்தமா பாட்டு வைப்பீங்களா?"

"பாகோ மட்டும். நல்ல பாட்டாத்தான் வைப்பா."

ஆர்லோ தலையாட்டினார். மேலே கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார். "இந்த வீடு பிடிச்சிருக்கா?"

லினியா அவரை முறைத்தாள். நடக்கிற கூத்தெல்லாம் போதாதென்று இவருமா கிண்டல் செய்ய வேண்டும்?

"கிண்டல் பண்ணலம்மா. இது என் வீடு. எங்கிட்ட இருக்கறதே ரெண்டு வீடு, ஒண்ணுல நான் இருக்கேன். வாடகைக்கு வர்ற எல்லாருக்கும் ஒரே படிவம்தான், பல்கலைக்கழகமா இருந்தாலும் பாதிரியாரா இருந்தாலும். ஒவ்வொரு அக்டோபரும் முப்பத்தொண்ணு அஞ்சு மணிக்குள்ள புதுப்பிக்கணும். இந்தக் கடிதத்துல அதைத்தான் எழுதியிருக்கேன். நாலு வாரமா இதை வாங்க ஆளில்ல."

"அப்ப அஞ்சு மணிக்கு மேல?"

"யாரு கையெழுத்துப் போடறாங்களோ அவங்களுக்கு. ஆனா அஞ்சு வரைக்கும் காத்திருப்பேன். அதுதான் முறை."

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று ஆர்லோ அவளை எழுப்பி வீட்டைச் சுற்றிக் காட்டினார். மாடியில் மூன்று படுக்கையறைகள். ஒன்றில் பொம்மைகள் இருந்தன. சமையலறைக் குழாய் ஒழுகியது. அதை அப்போதே திருகி நிறுத்தினார். வார்ட்லியின் வரலாற்றில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வீட்டைப் பார்த்த முதல் மாணவி லினியாவாகத்தான் இருக்க வேண்டும். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. கையில் டோக்கன் வைத்திருந்தார்களே.

திரும்பிப் பலகைக்கு வந்தபோது மணி நாலே முக்கால். கதவுக்கு அப்பால் டாக்டர் ஹோல்ஸ்டாட்டின் குரல் மணிமணியாகக் கேட்டது.

"கடைசி நேரத்துல வந்து அழறவங்களைப் பாத்தா எனக்கு இரக்கமே வராது. ஊருக்கே தெரிஞ்ச தேதி. அதை ஒருத்தர் மறந்தா அது அவரோட குணம். இந்த மையத்துல இத்தனை வருஷத்துல ஒரு கெடுவைக்கூட நாங்க தவறவிட்டதில்ல. ஏன் தெரியுமா? எங்களுக்கு நாங்க கெடு வச்சுக்கறதே இல்ல. கெடுங்கறது உங்களுக்கு!"

கைதட்டல் கேட்டது. சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட்டது. எண் பலகையில் அறுபத்தொன்று. ஆர்லோ தன் டோக்கனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கருவிப்பெட்டியின் மேல் படிவத்தை விரித்துப் பேனாவை நீட்டினார். லினியா கையெழுத்துப் போட்டாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லினியா விஷயத்தை மறைக்கவில்லை. டெல்வின்காரர்களுக்கு ஒளித்து வைக்க வராது. மறுவாரமே படிவத்தின் முதல் கேள்விக்கு '219, ஆர்ச்சர்ட் தெரு' என்று எழுதிக்கொண்டு பெவ்விடம் வந்தாள்.

"இது எங்க முகவரி கண்ணு. உன் முகவரியை எழுதணும்."

"இதுதான் என் முகவரி. ஆகஸ்ட் பதினஞ்சுலேருந்து."

பெவ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முகவரியை மறுபடி படித்தாள். பிறகு படிவத்தை உள்ளே அனுப்பினாள். இரண்டு வாரம் கழித்து 'முதல் கேள்வியில் பிழை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

டிசம்பரில் மையம் ஒரு தேநீர் விருந்து வைத்தது. லினியா நேராக டாக்டர் ஹோல்ஸ்டாட்டிடம் போனாள்.

"சார், இந்த வீட்டு ஒப்பந்தம் உங்களுக்கு ஆகஸ்ட் பதினாலோட முடியுது. நீங்க புதுப்பிக்கல. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இது என் வீடு."

"இது என் வீடு!" என்று அவர் நெகிழ்ந்துபோனார். "கேட்டீங்களா எல்லாரும்? இந்தப் பிள்ளை மையத்தைத் தன் வீடுங்கறா! புகைப்படக்காரரைக் கூப்பிடுங்க!" லினியாவை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். வசந்த காலத்துக் கையேட்டின் அட்டையில் அது வந்தது. கீழே, 'இதுவே என் வீடு! மாணவி லினியா ஹாட்டன்' என்று தங்க எழுத்தில்.

மார்ச்சில் பதிவுத் தபால் அனுப்பினாள். நாற்பத்தைந்து வேலைநாட்களுக்குள் பதில் வரும் என்று ஓர் அட்டை வந்தது. நாற்பத்தைந்தாவது நாள், மேலும் நாற்பத்தைந்து நாட்கள் ஆகும் என்று இன்னோர் அட்டை வந்தது.

"விட்டுத் தொலைடி," என்றாள் டாமிகா. "நீ போடற சத்தத்துல ஊரே எழுந்திருக்கும். அவங்களுக்குத்தான் காதுல பஞ்சு."

"முத்திரை அவங்ககிட்டதானே இருக்கு," என்றாள் லினியா. அந்த நினைப்பு அவளைத் தின்றது. வீடு கையில் இருக்கிறது. அது வீடுதான் என்று சொல்ல வேண்டியவர்களோ அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். மே மாதம் ஊருக்குப் போனபோது அப்பா சாப்பாட்டு மேசையில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஆலையில மறுபடி கேட்டாங்கம்மா. சும்மா சொல்றேன், அவ்வளவுதான்." அம்மா தன் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் பதினான்கு நண்பகலுக்கு வார்ட்லியில் எல்லா ஒப்பந்தங்களும் முடியும். புதியவை பதினைந்து நண்பகலுக்குத்தான் தொடங்கும். நடுவில் இருக்கும் அந்த ஒரு நாள் ஊரிலுள்ள மாணவர்கள் யாருக்கும் வீடு கிடையாது. தெருவெல்லாம் சோபாக்கள், மெத்தைகள், ஒற்றைக்கால் மேசைகள். ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துக்கொள்வதும், மறுநாள் அவரும் அதையே போடுவதும் ஊர்த் திருவிழா மாதிரி. மையத்து அதிகாரிகள் ஆண்டுதோறும் ஜன்னல் வழியாக இதைப் பார்த்து, தயார்நிலை போதவில்லை என்று அறிக்கை எழுதுவது வழக்கம்.

இந்த ஆண்டு நண்பகலில் ஆர்லோ பூட்டு மாற்றும் கருவியோடு வந்து கதவைத் தட்டினார்.

மறுநாள் நண்பகலில் மூன்று பெண்களும் வாடகை வண்டியில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியபோது, 219இன் புல்வெளியில் பத்தொன்பது கோப்பு அலமாரிகளும், ஒரு பெட்டி நிறையப் பொம்மைகளும், பதினோரு அதிகாரிகளும் இருந்தார்கள். சாமான் ஏற்றும் வண்டிகள் பிப்ரவரியிலேயே பேசி முடிந்துவிட்டன. பல்கலைக்கழகத்துக்குள் இடம் கேட்கலாம் என்றால் அதற்கு 'இடத் தேவைப் படிவம்' நிரப்ப வேண்டும், நாற்பத்தைந்து வேலைநாட்கள். டாக்டர் ஹோல்ஸ்டாட், யாரோ தெருவில் எறிந்த பூப்போட்ட சோபாவில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் சட்டையைத்தான் போட்டிருந்தார். கோப்புகளுக்குக் காவலாக அங்கேயே இருந்துவிட்டாராம்.

"லினியா!" என்று எழுந்து வந்தார். "உன் படம்தானே எங்க அட்டையில இருக்கு! ஒரு சின்னக் குழப்பம் நடந்துபோச்சு. முன்கூடம் மட்டும் எங்களுக்குப் போதும். தற்காலிகமா. ஒரு ரெண்டு வருஷம்."

"முடியாது சார்," என்றாள் பாகோ. அவள் பேசுவதே அபூர்வம். "உறவில்லாதவங்க மூணு பேருக்கு மேல கூடாது. எழுந்து நின்னு மூணு தடவை சொல்லியிருக்கோம்."

"நாங்க ஆட்கள் இல்லம்மா. நிறுவனம்."

"அப்ப நல்லதாப் போச்சு," என்றாள் டாமிகா. "நிறுவனத்துக்குக் கக்கூஸ் தேவைப்படாது, மழையில நனையாது. இங்கயே புல்லுல இருக்கட்டும்."

லினியா தன் தாளை நீட்டினாள். "முகவரிக்கு முத்திரை வேணும் சார். அஞ்சு மணிக்குள்ள."

டாக்டர் ஹோல்ஸ்டாட் தாளை வாங்கிப் பார்த்தார். மெதுவாக அவர் முகத்தில் ஓர் அதிகாரி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். "நீ மூணாவது பயிலரங்குக்கு வரலியே. 'காலக்கெடுவை மதிப்போம்.' பதிவேட்டுல இருக்கு. விதியை நான் மீற முடியாது." கைகளைக் கூரை போலக் கூப்பினார். "ஆனா முன்கூடத்துல மையம் இயங்கினா, எல்லாத்தையும் கொஞ்சம் மனிதாபிமானத்தோட பரிசீலிக்கலாம்."

லினியா அவரைப் பார்த்தாள். ஒரு 'சரி' சொன்னால் முத்திரை விழுந்துவிடும், பயிற்சி இடம் நிற்கும். அம்மாவின் கைகள் அவள் கண்முன் வந்து போயின. சரி என்று சொல்ல வாய்கூடத் திறந்தாள். ஆனால் அந்தக் கைகள் பதினேழு வருடமாக ஒரே வெட்டை வெட்டியது, இந்த ஆளிடம் தன் மகள் கெஞ்சி நிற்பதற்காகவா?

"முடியாது," என்றாள். "ஒரு அடிகூட உள்ள கிடையாது. முத்திரை குத்தறதா இருந்தா குத்துங்க. இல்லேன்னா நீங்க குத்தலேன்னு உங்க கையாலயே எழுதிக் குடுங்க. அதையும் பதிவாளர்கிட்டக் காட்டறேன், உங்க அட்டைப்படத்தையும் காட்டறேன்."

எழுதிக் கொடுப்பதற்கும் ஒரு படிவம் உண்டு என்றும், அது அலமாரிகளில் எங்கோ இருக்கிறது என்றும் அவர் சொன்னார். லினியா படியேறி, கதவைத் திறந்து உள்ளே போனாள். தோழிகள் சாமான்களை இறக்கினார்கள். முகப்பு மேசை தரையோடு திருகியிருந்ததால் அங்கேயே கிடந்தது. டோக்கன் இயந்திரமும் சுவரில் இருந்தது. சுவரில் பதித்ததெல்லாம் வீட்டோடு சேர்ந்தது என்று ஆர்லோ தீர்ப்புச் சொல்லிவிட்டார். லினியா அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை. நாலு. நாலேகால். வாயில் உப்புக் கரித்தது. உதட்டைக் கடித்திருக்கிறாள்.

வாசலில் நிழலாடியது. பெவ். வெயிலில் கன்றிப்போயிருந்தாள். பழக்க தோஷத்தில் டோக்கன் ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கண்ணு, காலையிலேருந்து... கொஞ்சம் கழிவறைக்குப் போகணும்."

"உள்ள போங்க பெவ். மாடிப்படிக்கு எடது பக்கம். டோக்கனெல்லாம் எதுக்கு?"

பெவ் போய்விட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மேசையைத் தடவிப் பார்த்தாள். "இந்த மேசையில பதினோரு வருஷம் உக்காந்திருந்தேன். ஒருத்தருக்கும் இப்படி 'உள்ள போங்க'ன்னு சொன்னதில்ல நான்," என்றாள். பிறகு கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். முத்திரை. "அவருக்கு இது எங்க இருக்குன்னே தெரியாது. பதினோரு வருஷமா என் பையிலதான் இருக்கு. குடு அந்தத் தாளை."

ஓங்கி ஒரே குத்து. 'முகவரி சரிபார்க்கப்பட்டது. குடியிருப்போர் மையம், 219, ஆர்ச்சர்ட் தெரு, வார்ட்லி.' லினியா எழுதியிருந்த முகவரியும் முத்திரையில் இருந்த முகவரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

"பெவர்லி!" ஜன்னலுக்கு வெளியே டாக்டர் ஹோல்ஸ்டாட் அலறினார். "அந்தப் பிள்ளைக்குச் சான்றிதழே இல்ல! எந்த அடிப்படையில குத்தினீங்க?"

"பதினோரு வருஷத்துல மொத தடவையா ஒருத்திக்கு வீடு கெடைச்சிருக்கு சார்!" பெவ் அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். "அந்த அடிப்படையிலதான்!"

லினியா ஓடினாள். கோப்பு அலமாரிகளைத் தாண்டி, சோபாவைத் தாண்டி, தெருவெல்லாம் கிடந்த மெத்தைகளைத் தாண்டி ஓடினாள். பதிவாளர் அலுவலகத்தின் ஜன்னல் கதவை இறக்கப் போனவர் கையில் தாளைத் திணித்தபோது மணி நாலு ஐம்பத்தாறு. அவர் தாளைப் பார்த்து, முத்திரையைப் பார்த்து, "பரவால்லயே, அவங்களே இடம் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே பதிவு செய்தார். அங்கேயே படியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. ஆலைக்காரனிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிடச் சொன்னது மட்டும் நினைவிருந்தது.

திரும்பி வந்தபோது டாமிகா அடுப்பில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் போட்டு ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். பாகோவின் பாட்டு மாடியில் ஒலித்தது. நல்ல பாட்டுதான். பெவ் சமையலறை நாற்காலியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அமர்ந்திருந்தாள். வெளியே மேகம் கறுத்திருந்தது. புல்வெளியில் டாக்டர் ஹோல்ஸ்டாட் மீதி ஒன்பது அதிகாரிகளையும் அரைவட்டமாக நிற்கவைத்து, "நண்பர்களே, வீடுங்கறது ஒரு மனநிலை," என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடுங்க சார், தூறுது," என்றது பொம்மைக்கார முனைவர்களில் ஒருவரின் குரல்.

சிறிது நேரம் கழித்து வாசற்கதவு மெல்லத் திறந்தது. டாக்டர் ஹோல்ஸ்டாட் சுற்றுமுற்றும் பார்த்தார். கை தானாகச் சுவருக்குப் போய் ஒரு டோக்கனை எடுத்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, லினியா உட்கார்ந்திருந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எனக்கில்ல," என்றார், குரலைத் தாழ்த்தி. "மையத்துக்கு. ஒரு வீடு வேணும்."

மேசை இழுப்பறையில் பழைய படிவங்கள் ஒரு கட்டு மிஞ்சியிருந்தது. லினியா ஒன்றை உருவி, பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் கேள்வியைப் படித்தார். மறுபடியும் படித்தார். பேனா தாளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கேள்வியை எழுதியது அவர்தான்.

"நீங்கள் குடியேறப்போகும் வீட்டின் முகவரி..." என்று முணுமுணுத்தார். "இதுல நான் என்ன எழுதறது?"

"நல்ல கேள்வி சார்," என்றாள் லினியா. "கடைசிப் பக்கத்துல 'கருத்துகள்'னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க. அதுல எழுதிடுங்க."